பரண்ல இருக்கிறதை யார்கிட்ட விக்கணும்? வீட்டை ஒழிக்கிறவங்களுக்கு ஒரு விளக்கம்

[திரையில்: ஹால் நடுவில் குவிந்து கிடக்கும் அட்டைப் பெட்டிகள், பாத்திரங்கள், பழைய மிக்ஸி]

மார்கழி கடைசியில பல வீட்டுல நடக்கிறது இதுதான். பரண்ல இருக்கிறதை எல்லாம் ஹால்ல இறக்கிட்டு, தெருவுல போற பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு, "மொத்தமா எவ்வளவு தருவீங்க?"ன்னு கேக்கிறோம். அந்த ஒரு கேள்வியிலயே நல்ல பொருளோட விலை போயிடுது. குவியலா விலை பேசினா, அதுக்குள்ள இருக்கிற பித்தளைக்கும் இரும்பு விலைதான். ஓடுற ஃப்ரிட்ஜுக்கும் தகர விலைதான்.

அதனால அறை அறையா பிரிக்காதீங்க. வாங்கப் போற ஆளை வச்சுப் பிரிங்க. எடைக்கு வாங்குறவர் வேற, ஓடுற மெஷினா வாங்குறவர் வேற, மரச்சாமானா வாங்குறவர் வேற. யாருக்குமே விக்கக் கூடாத பொருளும் உங்க வீட்டுல இருக்கு. அதுல இருந்தே தொடங்குவோம்.

[திரையில்: பீரோ லாக்கர், சூட்கேஸ் உள்பை]

பழைய பேப்பர் கட்டைத் தூக்குறதுக்கு முன்னாடி, பீரோ லாக்கர், சூட்கேஸ் உள்பை, ஸ்வீட் டப்பா, கல்யாண ஆல்பம் வச்ச பெட்டி, எல்லாத்தையும் கொட்டிப் பாருங்க. நம்ம வீடுகள்ல பத்திரமும் பாஸ்புக்கும் பதுங்கிற இடம் இதெல்லாம்தான். வீட்டுப் பத்திரத்தோட அசல் தொலைஞ்சா, போலீஸ்ல புகார் கொடுத்து, பேப்பர்ல விளம்பரம் போட்டு, 'கண்டுபிடிக்க முடியவில்லை'ன்னு சான்று வாங்கற வரைக்கும் அந்த வீட்டை விக்கிறதே பெரும்பாடாயிடும். அப்பா, தாத்தா காலத்து காகித ஷேர் சான்றிதழ் கிடைச்சா கிழிச்சுப் போடாதீங்க. 2019 ஏப்ரல்ல இருந்து அதைக் காகிதமாவே அடுத்தவங்களுக்கு விக்க முடியாது, டீமேட்டுக்கு, அதாவது ஷேரை மின்னணு வடிவத்துல வைக்கிற கணக்குக்கு, மாத்தித்தான் விக்கணும். ஆனா அந்த ஷேருக்கு இருக்கிற மதிப்பு அதனால போயிடாது.

ஆதார், பான் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், மீதி இருக்கிற செக் புக், இதெல்லாம் எடைக்குப் போகவே கூடாது. நாலா கிழிச்சா போதாது. எண்ணும் கையெழுத்தும் இருக்கிற இடத்தைப் பொடிப்பொடியா கிழிச்சு, ஒரு வாளித் தண்ணியில ஊற வச்சு, கூழாக்கிக் குப்பையில போடுங்க. கூரியர் வந்த அட்டைப் பெட்டியில உங்க பேரும் போன் நம்பரும் ஒட்டியிருக்கும். அந்த ஸ்டிக்கரை உரிச்சிட்டு அட்டையைக் கொடுங்க.

அடுத்தது கேஸ் சிலிண்டர். பயன்படுத்தாத ரெண்டாவது சிலிண்டரை யாராவது விலைக்குக் கேட்டா கொடுத்துடாதீங்க. சிலிண்டரும் ரெகுலேட்டரும் கேஸ் கம்பெனியோட சொத்து. நீங்க கட்டினது டெபாசிட். கனெக்ஷன் எடுத்தப்ப கொடுத்த வவுச்சரோட ஏஜென்சியில ஒப்படைச்சா, அதுல போட்டிருக்கிற டெபாசிட் தொகை திரும்ப வரும்.

[திரையில்: பாத்திரங்களில் காந்தம் வைத்துப் பார்க்கும் கை]

இப்போ எடைக்குப் போற பொருள். வீட்டுல பணம் ஒளிஞ்சிருக்கிற இடம் இதுதான், நிதானமா பாப்போம்.

ஒரு காந்தம் எடுத்துக்கோங்க. பழைய ஸ்பீக்கர்ல இருக்கிறது போதும். ஒட்டினா இரும்பு, அல்லது மட்டமான எவர்சில்வர். ஒட்டலைன்னா தனியா வைங்க. ஒட்டாத எவர்சில்வருக்கு ஒட்டுறதைவிட விலை கூட. பளபளன்னு இருக்கிற பழைய குழாயைக் காந்தத்தை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. மேல குரோமியம் பூச்சு இருக்கும், உள்ள பித்தளையாவும் இருக்கலாம், துத்தநாகக் கலவையாவும் இருக்கலாம். ரெண்டுலயும் காந்தம் ஒட்டாது. திருகு மரை இருக்கிற ஓரத்துல அரத்தால நாலு இழுப்பு இழுங்க. மஞ்சளா தெரிஞ்சா பித்தளை, சாம்பல் நிறமா தெரிஞ்சா துத்தநாகக் கலவை.

பித்தளையும் வெண்கலமும் ஒண்ணு இல்ல. பித்தளை செம்போட துத்தநாகம் சேர்ந்தது, வெண்கலம் செம்போட வெள்ளீயம் சேர்ந்தது. பாத்திரத்தைத் தரையில படாம தூக்கிப் பிடிச்சு விரலால சுண்டுங்க. வெண்கலப் பானை கணீர்னு ரொம்ப நேரம் ஒலிக்கும், பித்தளைச் சத்தம் சீக்கிரம் அடங்கிடும். கீழ விழுந்தா பித்தளை நசுங்கும், வெண்கலம் விரிசல் விடும். வெண்கலப் பானை, உருளி, குத்துவிளக்கு எல்லாம் விரிசல் இல்லாம முழுசா இருந்தா எடைக்குப் போடவே போடாதீங்க. இன்னைக்கு இதைத் தேடி வாங்குறவங்க நிறைய பேர் இருக்காங்க. உருக்கப் போறவர் எடைக்குத்தான் காசு தருவார், சமைக்கப் போறவர் பாத்திரத்துக்கே காசு தருவார்.

[திரையில்: கறுத்துப்போன ஈயச் சொம்பு]

இதை நல்லா கவனிங்க. பரண்ல அலுமினியம் மாதிரி மங்கலா, கையில எடுத்தா மெத்துனு கனமா, லேசா நசுங்கின ஒரு சொம்பு இருக்கும். அது பாட்டி ரசம் வச்ச ஈயச் சொம்பு. வெள்ளீயத்துல செஞ்சது. வெள்ளீயம் கிலோ விலையில செம்பையே தாண்டும். ஆனா வண்டிக்காரர் இதை அலுமினியக் கணக்குல போட்டாலும் நமக்குத் தெரியாது. ஒரு சோதனை இருக்கு: சொம்போட அடியை வெள்ளைத் தாள்ல அழுத்தித் தேயுங்க. பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழுந்தா அதுல காரீயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். காரீயம் விஷம். அதைச் சமையலுக்குன்னு யாருக்கும் கொடுக்காதீங்க, உலோகமா மட்டும் விக்கணும். கோடு விழலைன்னாலும் இது வீட்டுச் சோதனைதான், சுத்தமான ஈயம்னு சொல்லி விக்கிறதுக்கு முன்னாடி பாத்திரக் கடையில ஒரு தடவை காட்டிடுங்க.

பாத்திரக் கடையில பழசு போட்டுப் புதுசு வாங்குறதா இருந்தா, பழசுக்கு ரொக்கமா என்ன விலை, மாத்தினா என்ன விலைன்னு ரெண்டையும் கேளுங்க. மாத்தினா கூட விலைன்னு சொல்லிட்டு, புதுப் பாத்திரத்தோட விலையில அதைச் சரிக்கட்டறது உண்டு. மரக் கைப்பிடி, இரும்பு வளையம் இருந்தா வீட்டுலயே கழட்டிட்டுப் போங்க. கடையில கழிக்கிற எடை பெரும்பாலும் நிஜ எடையைவிடக் கூடத்தான் இருக்கும்.

[திரையில்: வண்டியில் தொங்கும் தராசு]

எடை விஷயத்துல சண்டை போட வேண்டாம், சரிபாருங்க. பேக் பண்ணி வந்த, பிரிக்காத 5 கிலோ மாவுப் பாக்கெட் ஒண்ணை முதல்ல பழைய இரும்புக்காரரோட தராசுல போடச் சொல்லுங்க. 5-க்குக் குறைஞ்சா எவ்வளவு குறையுதோ அந்த விகிதத்தை மொத்தத்துக்கும் கணக்கு போட்டுக் கேளுங்க. சிறு எடையில சரியா காட்டி பெரிய எடையில குறைக்கிற தராசும் உண்டு, அதனால பேப்பர் கட்டை வீட்டுலயே எடை போட்டு வைங்க. ஆள் எடை பாக்கிற மெஷின்ல கட்டோட ஏறி நில்லுங்க, அப்புறம் தனியா நில்லுங்க, வித்தியாசம்தான் கட்டோட எடை. நியூஸ் பேப்பர், புத்தகம், அட்டை மூணுக்கும் வேற வேற விலை, கலந்து கட்டாதீங்க. பாடப்புத்தகமும் போட்டித் தேர்வுப் புத்தகமும் எடைக்குப் போற பொருளே இல்ல. பாடத்திட்டம் மாறாத வரைக்கும் அதுக்குப் பழைய புத்தகக் கடையிலயோ அடுத்த தெருப் பிள்ளைகிட்டயோ நல்ல விலை இருக்கு.

மரச்சாமான்ல தேக்கா, ப்ளைவுட்டாங்கிறதுதான் கேள்வி. டிராயரை உருவி, பெயின்ட் படாத ஓரத்தைப் பாருங்க. அடுக்கடுக்கா கோடு தெரிஞ்சா ப்ளைவுட், ரவை மாதிரி இருந்தா பார்ட்டிக்கிள் போர்டு. பார்ட்டிக்கிள் போர்டு கட்டிலை ஒரு தடவை கழட்டினாலே திருகு ஓட்டை பெருசாகி மறுபடி பிடிக்காது. அதனால பூட்டின நிலையிலயே காட்டி வித்துடுங்க. தேக்கு கட்டிலா இருந்தா தைரியமா கழட்டிக் காட்டலாம். அம்மி, ஆட்டுக்கல்லைத் தூக்க ரெண்டு ஆள் வேணும், தூக்குகூலி வாங்குறவரோடதுன்னு முன்கூட்டியே பேசிடுங்க.

[திரையில்: ஃப்ரிட்ஜ் ஸ்டார் லேபிள், வாஷிங் மெஷின் பின்பக்கம்]

ஓடுற மெஷின்களுக்கு வருவோம். விளம்பரத்துக்குப் படம் எடுக்கும்போது பகல் வெளிச்சத்துல, முன்பக்கம் ஒண்ணு, மாடல் எண் லேபிள் ஒண்ணு, கீறலோ துருவோ இருக்கிற இடம் ஒண்ணு, அது ஓடுற 20 விநாடி வீடியோ ஒண்ணு. குறையை மறைச்சா வாங்க வர்றவர் வாசல்ல வச்சு அதையே காரணம் காட்டி விலையை இறக்குவார். படத்துலயே காட்டிட்டா பேரத்துல அவருக்கு அந்தப் பிடி இருக்காது.

ஸ்ப்ளிட் ஏசியில பெரிய நஷ்டம் கழட்டும்போதுதான் வருது. பைப்பை நேரா அறுத்து எடுத்தா உள்ள இருக்கிற கேஸ் முழுக்கக் காத்துல போயிடும். வாங்குறவர் கேஸ் நிரப்புற செலவை உங்க விலையில கழிப்பார். பம்ப் டவுன் பண்ணித்தான் கழட்டணும்: ஏசி கூலிங்ல ஓடும்போதே அவுட்டோர் யூனிட்ல சின்ன பைப்போட வால்வை மூடணும், கம்ப்ரசர் கேஸை உள்ள இழுத்துக்கும், பிறகு பெரிய பைப் வால்வை மூடி உடனே ஆஃப் பண்ணணும். இதை மெக்கானிக்தான் செய்யணும். இப்போ பல ஏசியில இருக்கிற ஆர்-32 கேஸ் தீப்பிடிக்கக்கூடியது, நீங்களா முயற்சி பண்ண வேண்டாம். ஆனா "பம்ப் டவுன் பண்ணிட்டீங்களா?"ன்னு கேக்கிறது உங்க வேலை. கழட்டின செம்புப் பைப்பும் உங்களோடது, அது மெக்கானிக் பையில போகாம பாத்துக்கோங்க.

ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷினை வண்டியில ஏத்தும்போது, வாங்கினப்ப பின்னாடி இருந்து கழட்டின டிரான்ஸிட் போல்ட்டைத் திரும்பப் போடணும். போடலைன்னா டிரம் ஆடி ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் கெட்டுப்போகும். ஃப்ரிட்ஜை முந்தின நாளே அணைச்சு ஐஸ் கரைய விட்டு, நிமித்தியே கொண்டுபோகச் சொல்லுங்க. இன்வெர்ட்டர் பேட்டரியில இருக்கிற ஆசிட்டை எடை குறையட்டும்னு கொட்டவே கூடாது. புது பேட்டரி வாங்குற கடையிலயே கொடுத்தா பழசுக்கு ஒரு தொகையைப் புது விலையில கழிச்சுக்குவாங்க.

[திரையில்: போன் செட்டிங்ஸ் பக்கம்]

ஆண்ட்ராய்டு போனை விக்கும்போது வரிசை முக்கியம். முதல்ல போட்டோ, வாட்ஸ்அப் பேக்கப். அப்புறம் பேங்க், யுபிஐ ஆப்ல இருந்து வெளியேறுங்க. பிறகு செட்டிங்ஸ்ல போய் கூகுள் அக்கவுன்ட்டை நீக்குங்க. கடைசியாத்தான் ஃபேக்டரி ரீசெட். அக்கவுன்ட்டை நீக்காம, பவர், வால்யூம் பட்டனை அமுக்கி நேரா ரீசெட் பண்ணிட்டா, போன் மறுபடி ஆன் ஆகும்போது உங்க பழைய கூகுள் அக்கவுன்ட்டைக் கேட்டுப் பூட்டிக்கும், வாங்கினவர் திரும்ப வந்து நிப்பார். ஐபோன்னா, தொலைஞ்சா தேடிக் கண்டுபிடிக்கிற 'ஃபைண்ட் மை' வசதியை அணைச்சு, ஆப்பிள் அக்கவுன்ட்ல இருந்து வெளியேறிட்டு அழிங்க. *#06# போட்டு வர்ற ஐஎம்இஐ எண்ணையும் (அந்த போனோட அடையாள எண்), தேதியையும், வாங்குறவர் பேரையும் ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்து வாங்கிக்கோங்க. அந்த போன் நாளைக்குத் தப்பான காரியத்துல சிக்கினா விசாரணை உங்ககிட்ட வரலாம். அப்ப இந்தத் தாள்தான் உங்களுக்குச் சாட்சி.

[திரையில்: க்யூஆர் கோடு மேல் சிவப்புக் குறுக்குக் கோடு]

ஆன்லைன்ல விளம்பரம் போட்ட அஞ்சாவது நிமிஷத்துல ஒரு அழைப்பு வரலாம். பேரம் பேசாம சொன்ன விலைக்கே ஒத்துப்பார், ராணுவத்துல இருக்கேன், டிரான்ஸ்ஃபர்ல வர்றேன்னு சொல்வார். அட்வான்ஸ் அனுப்ப ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் பண்ணி பின் போடச் சொல்வார். அங்கேயே போனை வச்சிடுங்க. பணம் வாங்குறதுக்கு பின் தேவையே இல்ல. பின் போட்டா உங்க கணக்குல இருந்து பணம் போகும், அவ்வளவுதான். இன்னொரு வகை, தப்பா 20,000 அனுப்பிட்டேன், மீதியைத் திருப்புங்கன்னு ஒரு மெசேஜைக் காட்டுவாங்க. அந்த மெசேஜ் போலி. உங்க பேங்க் ஆப்ல இருப்பு கூடியிருக்கான்னு பாத்துட்டுப் பேசுங்க. ஏமாந்துட்டீங்கன்னா வெக்கப்பட்டுத் தள்ளிப்போடாதீங்க, உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைங்க. சீக்கிரம் சொன்னா பணம் அடுத்த கணக்குக்குப் போறதுக்குள்ள முடக்க வாய்ப்பு இருக்கு.

யாரும் வாங்காத மெத்தை, சோபா, உடைஞ்ச பிளாஸ்டிக் எல்லாத்தையும் போகி நெருப்புல போடாதீங்க. டயரும் ரெக்சினும் எரியும்போது வர்ற புகை உங்க தெருக் குழந்தைங்க நுரையீரலுக்குத்தான் போகுது. சென்னைன்னா மாநகராட்சி எண் 1913-க்கு அழைச்சு, எப்ப, எங்க எடுத்துப்பாங்கன்னு கேளுங்க.

[திரையில்: பழைய ஸ்கூட்டர், ஆர்சி புத்தகம்]

கடைசியா, போர்ட்டிகோவுல நிக்கிற பழைய வண்டி. காசு கைக்கு வந்ததும் வித்தாச்சுன்னு நினைக்காதீங்க. ஆர்சி-ல யார் பேர் இருக்கோ, விபத்து இழப்பீட்டுக்கு அவர்தான் உரிமையாளர்னு 2018-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கு. கைமாறி நாலாவது ஆள் ஓட்டினாலும் நோட்டீஸ் உங்க வீட்டுக்கு வரும். அதனால பேர் மாத்துறதுக்கான படிவம் 29, படிவம் 30 ரெண்டுலயும் கையெழுத்து போடும்போது தேதி, வாங்குறவர் பேர், முகவரி எதையும் காலியா விடாதீங்க. லோன் போட்டு வாங்கின வண்டின்னா பேங்க் தர்ற என்ஓசி-யோட (ஆட்சேபணை இல்லைங்கிற சான்று) படிவம் 35-ஐயும் கொடுத்து ஆர்சி-ல இருக்கிற கடன் பதிவை முதல்ல நீக்குங்க. வண்டியை ஒப்படைச்ச தேதியோட நேரத்தையும் டெலிவரி ரசீதுல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. அன்னைக்குக் காலையில நடந்த விபத்தா, சாயங்காலம் நடந்ததாங்கிற கேள்வி வந்தா அந்த நேரம் உதவும். 14 நாளுக்குள்ள ஆர்டிஓ-வுக்குத் தகவல் போகணும். ஒரு மாசம் கழிச்சு அரசோட பரிவாஹன் இணையதளத்துல வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்க. இன்னும் உங்க பேரே இருந்தா வாங்கினவரைக் கூட்டிக்கிட்டு ஆர்டிஓ ஆபீசுக்குப் போங்க.