அலைக்கும் முகவரி உண்டு

நேயர்களுக்கு வணக்கம். இன்று அலைச்சறுக்கைப் பற்றியும், அதற்கும் சுற்றுச்சூழலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றியும் பேசப்போகிறேன்.

'அலை எப்போது ஓயும், தலை எப்போது முழுகுவது' என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அலைச்சறுக்கில், அதாவது பலகை மேல் ஏறி அலையில் வழுக்கிச் செல்லும் 'சர்ஃபிங்'கில், இறங்கியவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். அலை ஓய்ந்துவிட்டால்தான் அவர்களுக்குக் கவலை. பலகை மேல் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, கடலும் வானமும் சேரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஓய்வுக்கு அவர்கள் பேச்சில் 'லல்' என்று பெயர். லல் முடிந்ததும் மூன்று, நான்கு அலைகள் ஒன்றன் பின் ஒன்றாக வரும், அது 'செட்'. எல்லோரும் காத்திருக்கும் அந்த இடம் 'லைன்-அப்'.

நான் இந்த விளையாட்டுக்குத் தாமதமாக வந்தவன். முதல் நாட்களில் இந்தச் சொற்களைக் கேட்டபோது, இளைஞர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பந்தா என்றுதான் நினைத்தேன். கொஞ்ச காலம் தண்ணீரில் கிடந்த பிறகுதான் புரிந்தது, ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு கவனிப்பு இருக்கிறது. காற்றே இல்லாமல் கடல் மேற்பரப்பு எண்ணெய் ஊற்றியது போல வழவழப்பாக இருந்தால் 'கிளாஸி'. நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று 'ஆஃப்ஷோர்'. அது அலையின் முகத்தைச் சாயவிடாமல் தாங்கிப் பிடிக்கும். அலை உடையும் நேரத்தில் உச்சியிலிருந்து நீர்த்திவலை பின்பக்கமாகச் சிதறுவதைப் பார்த்தால் காற்று எந்தத் திசை என்று கேட்கவே வேண்டாம். அலை ஒரு முனையிலிருந்து படிப்படியாக உடையாமல் மொத்தமாகச் சரிந்தால் 'குளோஸ்-அவுட்'. அதில் ஏறிப் பயனில்லை.

மகிழ்ச்சிக்கும் ஒரு சொல் உண்டு: 'ஸ்டோக்'. அடுப்பில் விறகு தள்ளித் தீயை வளர்ப்பதைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. ஆனால் இந்த விளையாட்டின் முதல் மொழி ஹவாய் மொழி. அங்கே இதற்குப் பெயர் 'ஹெஏ நலு', அதாவது அலையில் வழுக்கிச் செல்வது. 'நலு' என்றால் அலை. ஆழ்ந்து சிந்திப்பது என்ற பொருளும் அதே சொல்லுக்கு உண்டு. லல் நேரத்தில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர் யாருக்கும் இது வியப்பாக இருக்காது.

சரி, இந்தச் சொற்களுக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன தொடர்பு? 'பாயின்ட் பிரேக்', 'ரீஃப் பிரேக்', 'பீச் பிரேக்' என்று அலைகளைப் பிரிப்பார்கள். ஒன்று கடலுக்குள் நீண்ட நிலமுனையில் உடைவது, ஒன்று பவளப்பாறையிலோ பாறைத்தட்டிலோ உடைவது, மற்றது மணல்திட்டில் உடைவது. மூன்றுமே அடித்தரையின் பெயர்கள் என்பதைக் கவனியுங்கள். எங்கோ ஆயிரம் மைல் தொலைவில் ஒரு புயல் கிளப்பிய அசைவு கடலைக் கடந்து வருகிறது. அது எந்த இடத்தில், எந்த வடிவில் எழுந்து உடைய வேண்டும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது அடியில் இருக்கும் தரைதான். ஆகவே அலைக்கும் முகவரி உண்டு. அந்தத் தரையை மாற்றினால் அலை போய்விடும்.

போயிருக்கிறது. கலிஃபோர்னியாவின் டானா பாயின்ட்டில் 'கில்லர் டானா' என்று ஒரு பேரலை இருந்தது. 1960-களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். இன்று அந்தச் சுவருக்குள் படகுகள் அசையாமல் நிற்கின்றன. ஸ்பெயினின் பாஸ்க் கரையில் முன்டாகா என்ற ஊரின் அலை, ஆற்றுமுகத்து மணல்திட்டில் உடைவது. ஆற்றில் மணல் தோண்டிய பிறகு திட்டின் வடிவம் கலைந்தது. 2005-ல் அங்கே நடக்கவிருந்த உலகப் போட்டி ரத்தானது. நல்லவேளை, மணல் மெல்லத் திரும்பி வந்தது. கில்லர் டானாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இந்த விஷயத்தில் நான் மிகவும் மதிக்கும் நாடு பெரு. அலை உடையும் இடங்களைக் காக்க 2000-ல் அங்கே தனிச் சட்டமே வந்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் விதிகள் வர 2013 ஆனது. ஓர் அலையைப் பதிவு செய்ய வேண்டுமானால் அதன் கடலடித் தரையை அளந்து ஆவணம் கொடுக்க வேண்டும். பதிவேட்டை வைத்திருப்பது அந்நாட்டுக் கடற்படை. நிலத்துக்குப் பட்டா வாங்குவது போல, அலைக்குப் பட்டா! 'நல்ல அலை' என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காகிதத்தில் எழுதவைத்தார்கள்.

பெயர் பெற்ற அலைக்கும் ஆபத்து வரும் என்பதற்கு பசிபிக் தீவான டஹீட்டியின் தியாஹுபோ என்ற ஊர் சாட்சி. 2024 ஒலிம்பிக் அலைச்சறுக்குப் போட்டி அங்கேதான் நடந்தது. நடுவர்களுக்கான அலுமினியக் கோபுரம் கட்டுவதற்காக, 2023 டிசம்பரில் ஒரு மிதவைப் படகை ஓட்டிப் பார்த்தபோது பவளம் உடைந்தது. ஊர்மக்கள் கொதித்தார்கள். அங்கே பவளம்தான் அலை. அதே பாறைத்தட்டுதான் அவர்களுக்கு மீனும் தருகிறது.

தண்ணீரின் சுத்தம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பலகையில் ஏறுபவர் விழுவார், விழுந்தால் கடல்நீரைக் குடிப்பார். 1990-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் சில அலைச்சறுக்கர்கள் தொண்டை வலியும் காதுவலியும் வயிற்றுக்கோளாறும் பொறுக்கமாட்டாமல் 'சர்ஃபர்ஸ் அகென்ஸ்ட் சூவேஜ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெயரிலேயே கோரிக்கை இருக்கிறது: சாக்கடைக்கு எதிரான அலைச்சறுக்கர்கள். பலகையைக் கையில் பிடித்து, முகத்தில் நச்சுவாயு முகமூடி மாட்டிக்கொண்டு போராட்டத்துக்குப் போனார்கள். 2018-ல் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு ஒன்று: நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கு அடங்காத ஈ.கோலை கிருமியைக் குடலில் சுமப்பவர்களின் விகிதம், கடலில் இறங்காதவர்களிடம் இருந்ததைப் போல அலைச்சறுக்கர்களிடம் மூன்று மடங்கு.

கலிஃபோர்னியாவில் மழை பெய்தால் 72 மணி நேரம் கடலில் இறங்காதீர்கள் என்று சுகாதாரத் துறையினரே அறிவிப்பார்கள். தெருவில் கிடந்ததெல்லாம் வடிகால் வழியே கடலுக்கு வந்துவிடும். கொடுமை என்னவென்றால், நல்ல அலையைக் கொண்டுவருவதும் பல சமயம் அதே குளிர்காலப் புயல்தான். செட் அழகாக வந்துகொண்டிருக்கும், தண்ணீர் காப்பி நிறத்தில் இருக்கும். கரையில் நின்று பார்க்க மட்டும் செய்யலாம்.

இதுவரை சொன்னது மற்றவர்கள் கடலுக்குச் செய்தது. எங்கள் கையில் இருக்கும் பலகையைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். காற்றுக்கு 'ஆஃப்ஷோர்', அதற்கு எதிர்த்திசைக் காற்றுக்கு 'ஆன்ஷோர்' என்று சொல் வைத்திருக்கிறோம். பலகையில் சின்னப் பள்ளம் விழுந்தால் அதற்கும் 'டிங்' என்று சொல் இருக்கிறது. ஆனால் செத்துப்போன பலகை எங்கே போகிறது என்பதற்கு எங்கள் பேச்சில் ஒரு சொல்லை நான் கேட்டதில்லை. பெரும்பாலான பலகைகளின் உள்ளே பாலியூரித்தேன் நுரை, மேலே கண்ணாடி இழையும் பிசினும். ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிட்டதைப் பிரிக்க முடியாது, மட்கவும் மட்காது. குளிர் தாங்க உடலோடு ஒட்டி அணியும் நனையாடையின் (வெட்சூட்) நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரும் அப்படித்தான். அதற்கு மூலமான குளோரோப்ரீன், புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2010-ல் வகைப்படுத்தியது. மரத்திலிருந்து எடுக்கும் இயற்கை ரப்பரில் நனையாடை இப்போது கிடைக்கிறது. விலை கூடுதல்தான். என்றாலும் அடுத்தது வாங்கும்போது அதைத்தான் வாங்குவேன்.

என் முதல் பலகை ஒரு குளோஸ்-அவுட்டில் நடுவில் முறிந்தது. இரண்டு துண்டுகளையும் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். முறிந்த இடத்தில் நுரை, ரொட்டியைப் பிய்த்தது போல வெள்ளையாகத் தெரிந்தது. விரலால் தொட்டால் பொடி உதிர்ந்தது. ஊதினால் பறந்தது. அந்தப் பொடி கடலில் விழுந்திருந்தால் மீனுக்கு இரை மாதிரித்தான் தெரிந்திருக்கும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். தரையில் படிந்ததை முழுதாக எடுக்க அன்று மாலை முழுக்க ஆனது.

அப்புறம் டிங் அடைக்கக் கற்றுக்கொண்டேன். உப்புத்தாளால் தேய்க்கும்போது கீழே பழைய துணி விரித்துக்கொள்வேன், பொடி காற்றோடு போகக்கூடாது. இப்போது நான் ஏறும் பலகையில் ஒன்பது ஒட்டு இருக்கிறது. பத்தாவது நேற்று விழுந்தது. பிசின் காய்ந்துகொண்டிருக்கிறது.

வணக்கம்.