"இது எந்தக் குடியில இருந்து வந்த?"

(திரையில்: மருதமுனையில் ஒரு கைத்தறி, பாதி நெய்த சாரம்)

வணக்கம். கல்லடியில் எங்கள் பக்கத்து வீட்டில் பிள்ளை பிறந்து துடக்குக் கழித்த கையோடு பார்க்கப் போயிருந்தோம், பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம். மாமி ஒருவர் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே, "இது எந்தக் குடியில இருந்து வந்த?" என்றுதான். குடி என்றால் தாய்வழியில் வரும் வம்சம். தாய் தலையைக் குனிந்துகொண்டார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழும்பி வந்த ஆள் நான், அந்தக் கடன்தான் இந்த வீடியோ.

சரி, இந்தச் சாரத்தைப் பாருங்கள். பாவில், அதாவது நீள வாக்கில் ஓடும் நூல்களில், ஒரே ஒரு நூல் நிறம் மாறிவிட்டது, நெய்து முடியும் மட்டும் அந்தக் கோடு கூடவே ஓடும். குறுக்கே போகும் ஊடையில் பிழை விட்டால் அந்த இடத்தோடு சரி. விகாரம், அதாவது ஜீனில் விழும் பிழை, அதுவும் இப்படித்தான். தாய் தகப்பனிடமிருந்து வந்தது உடம்பின் எல்லாக் கலத்திலும் இருக்கும், அடுத்த தலைமுறைக்கும் போகலாம். வெயில் பட்டுத் தோலில் ஒரு கலத்தில் வந்தது புற்றுநோயாகக்கூட மாறலாம், ஆனால் பிள்ளைக்குப் போகாது.

(திரையில்: 23 சோடி நிறமூர்த்தங்கள், 21ஆம் இடத்தில் மூன்று)

டவுன் சிண்ட்ரோம் ஒரு நூலின் பிழை இல்லை, கலத்துக்குள் ஜீன்களைச் சுமக்கும் ஒரு முழு நிறமூர்த்தமே (குரோமோசோம்) கூடுதலாக வந்து 46 என்பது 47 ஆகிறது. 1959இல் பிரான்சில் லெஜூனும் கூட இருந்தவர்களும் இதைக் கண்டு எழுதினார்கள். பெரும்பாலும் முட்டை உருவாகும்போது சோடி பிரியாமல் ஒட்டிக்கொண்டு போவதுதான் காரணம். ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைகள் இந்தப் பிரிவைத் தொடங்கி, பாதியில் நின்று, வருடக்கணக்காகக் காத்திருக்கின்றன. 40 வயதுத் தாயின் முட்டைக்கும் வயது 40தான், அதனால்தான் வயது ஏற ஏற வாய்ப்பும் ஏறுகிறது. கிரகணமும் இல்லை, செய்வினையும் இல்லை. நூறில் மூன்று நாலு பேருக்கு மட்டும் நிறமூர்த்தத் துண்டு இடம் மாறி ஒட்டியதால் வரும், அதில் சில குடும்ப வழியாக வந்திருக்கலாம், அப்போது தாய் தகப்பனையும் சோதிப்பார்கள். மற்றப்படி மாமி தேடிய குடி அங்கே இல்லவே இல்லை.

மறுகா, குடும்பத்தில் உண்மையாகவே ஓடுவது எது? தலசீமியா என்ற இரத்த நோய், இங்கே சொல்வது அதன் பீட்டா வகை. நிறமூர்த்தம் எல்லாம் சரியாக 46 இருக்கும், 11ஆம் நிறமூர்த்தத்தில் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைச் செய்யச் சொல்லும் ஜீனில் எழுத்துப் பிழை இருக்கும், பல பேருக்கு ஒரே ஒரு எழுத்து. தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பிழை வந்தால் அவர் காவி, பிழையைச் சுமப்பவர், நம்மைப் போல வயலுக்குப் போவார், வலை வீசுவார், ஒன்றும் தெரியாது. இரண்டு காவிகள் கல்யாணம் முடித்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 வீதம் கடுமையான நோய்க்கு வாய்ப்பு, மூன்று நாலு கிழமைக்கு ஒருக்கா இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். "மூத்ததுக்கு வந்திட்டுது, இனி வராது" என்ற கணக்கு இதில் செல்லாது.

இங்கேதான் நம்மூர்ச் சிக்கல். குடி தாய்வழி, ஒரே குடியில் முடிக்க மாட்டோம், ஆனால் மாமா மகள் வேறு குடி, முறை மச்சாள், கல்யாணம் சரி. ஜீனுக்கு அந்தக் குடிக் கணக்குத் தெரியாது. அம்மப்பாவின் பிழை மாமாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே மாதிரிப் போயிருக்கலாம். நீங்கள் காவி என்றால், அதே பிழை மச்சாளிடமும் இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. சாதகம் பார்க்க ஓடுகிற நாம் இதைப் பார்ப்பதில்லை, எனக்கு இன்னும் புரியாத விஷயம் இது.

(திரையில்: ஒரு எஃப்.பி.சி. ரிப்போர்ட், எம்.சி.வி. வரியில் வட்டம்)

முதல் படி எஃப்.பி.சி. என்ற இந்தச் சாதாரண இரத்தச் சோதனைதான். எம்.சி.வி., அதாவது சிவப்பணுவின் சராசரி அளவு, 80க்குக் கீழே கிடந்தால் இரும்புச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம், காவியாகவும் இருக்கலாம். மாதக்கணக்கில் அயன் குளிசை குடித்தும் அந்த எண் அசையவில்லை என்றால், "டொக்டர், தலசீமியாவுக்கும் ஒருக்காப் பார்ப்பமா?" என்று நீங்களே கேளுங்கள்.