பொட்டுவோட மூணாவது ஷோ | 42 டாலர்ல ஒரு நாள் | டெக்சஸ் மினியேச்சர் குதிரை வ்லாக்

காலைல அஞ்சே கால். வெளிச்சம் பத்தாது, என் முகம் தெரியலன்னாலும் பரவாயில்லைங்க, இவளப் பாருங்க. பொட்டு. எங்க மினியேச்சர் குதிரை. நெத்தில அந்த வெள்ளை தெரியுதா, அதுக்குத்தான் அந்தப் பேரு. நேத்து சாயங்காலம் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டி, வால் மயிரப் பின்னி ஒரு துணிப்பைக்குள்ள கட்டி, மேல போர்வையும் மாட்டிட்டுத்தான் தூங்கப் போனேன். போர்வையோடவே புல்லுல உருண்டிருக்கா. இந்த மொழங்கால்ல பாருங்க, பச்சைக் கறை. ஈரத்துணியால தொடச்சா போயிடும். இருங்க, ஃபோன இந்தக் கம்பில சாச்சு வெச்சுக்கறேன்.

வணக்கம்ங்க எல்லாருக்கும். டெக்சஸ்ல, டென்டன் பக்கம் இருக்கற எங்க இடத்துல இருந்து பேசறேன். குதிரை ஷோன்னாலே பணக்காரங்க சமாச்சாரம், எப்படிக் கட்டுப்படியாகுதுன்னு நிறைய பேரு கேட்டிருந்தீங்க. அதனால இன்னிக்கு ஒரு நாள் முழுக்க உங்களையும் கூட்டிட்டுப் போறேன். ஒரு கிளாஸுக்கு, அதாவது ஒரு போட்டிப் பிரிவுக்கு, 8 டாலர், நாலு கிளாஸ், ஆபீஸ் கட்டணம் 10. மொத்தம் 42. டிரெய்லர் பக்கத்துப் பண்ணை அம்மாவோடது, அவங்க குதிரையும் வருது, டீசல் பாதிப் பாதி. மத்தியானத்துக்குத் தயிர் சாதம் கட்டியாச்சு.

நாங்க போறது ஓப்பன் ஷோ. உள்ளூர் குதிரை கிளப் ஒண்ணு நடத்துறது. எந்த இனக் குதிரையும் வரலாம், பதிவுப் பேப்பர் வேண்டாம், மெம்பரா இருக்கணும்னும் இல்ல. பெரிய ஷோ வேற மாதிரி. ஃபோர்ட் வொர்த் தாண்டித் தெக்கால போனா அல்வராடோன்னு ஒரு ஊரு. அங்கதான் அமெரிக்கன் மினியேச்சர் ஹார்ஸ் அசோசியேஷனோட ஆபீஸ், 1978ல ஆரம்பிச்ச சங்கம். அவங்க விதிப்படி குதிரை 34 அங்குலத்துக்கு மேல போகக் கூடாது. மத்த குதிரைங்கள தோள்மேட்டுல அளப்பாங்க. மினிய, அதாவது இந்த மினியேச்சர் குதிரைங்கள மட்டும் பிடரி மயிர் முடியற எடத்துல, அந்தக் கடைசி மயிர்க்கால்ல வெச்சு அளப்பாங்க. பொட்டு 35 அங்குலம். அமெரிக்கன் மினியேச்சர் ஹார்ஸ் ரெஜிஸ்ட்ரின்னு இன்னொண்ணு இருக்கு, அதுல 38 வரைக்கும் பி பிரிவுல வரலாம். ஆனா இவ ஏலத்துல வந்தவ. அம்மா யாரு அப்பா யாருன்னு ஒரு துண்டுச் சீட்டு கூட கிடையாது. அந்த ஒரு அங்குலத்தையும் அந்தச் சீட்டையும் கேக்காத எடம் ஓப்பன் ஷோதான். அதுக்காகவே எனக்கு அந்த கிளப் மேல அவ்ளோ மரியாதை.

ஒரு பேப்பர் மட்டும் எங்க போனாலும் வேணும். இதோ, பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சிருக்கேன். காகின்ஸ் டெஸ்ட். கார்னெல் பல்கலைக்கழகத்துல இருந்த லிராய் காகின்ஸ்ங்கற கால்நடை மருத்துவர் கண்டுபிடிச்ச ரத்தப் பரிசோதனை. கடிக்கற பெரிய ஈ மூலமா ஒரு குதிரைல இருந்து இன்னொரு குதிரைக்குப் பரவுற ரத்தசோகை நோய் ஒண்ணு இருக்கு, அது இருக்கான்னு பாக்கறதுதான் இந்த டெஸ்ட். மருந்து கிடையாது, இங்க தடுப்பூசியும் கிடையாது. வந்துச்சுன்னா கருணைக்கொலை, இல்லாட்டி ஆயுசு பூரா மத்த குதிரைங்களுக்கு 200 கஜம் தள்ளித் தனியா. டெக்சஸ்ல ஷோவுக்குக் கொண்டு போகணும்னா 12 மாசத்துக்குள்ள எடுத்த டெஸ்ட் வேணும். டெஸ்ட விட டாக்டர் வீடு தேடி வர்ற கட்டணம்தான் அதிகம். அதனால நாங்க மூணு பண்ணைக்காரங்க சேந்து ஒரே நாள்ல வரச் சொல்லிப் பங்கு போட்டுக்கறோம்.

சரி, ஏத்தணும். வா கண்ணு, வா.

வந்து சேந்துட்டோம்ங்க. ஏழரை மணி, இப்பவே வெயில் சுள்ளுங்குது. மூணு வாரம் முன்னாடி இவளுக்கு உடம்பு முழுக்க மயிர் வெட்டியாச்சு. மினிக்குக் குளிர்காலத்து மயிர் கரடி மாதிரி அடர்த்தியா வளரும், அத வெட்டினாத்தான் உடம்போட அமைப்பே தெரியும். மூக்குல பளபளன்னு இருக்க எண்ணெய் தடவுறவங்க உண்டு. நான் தடவ மாட்டேன். இவ மூக்கு நுனி ரோஸ் கலரு, இந்த வெயில்ல எண்ணெயும் சேந்தா வெந்து போயிடும்.

இங்க ஒண்ணு பாத்துக்கங்க, இது முக்கியம். அந்தப் பெரிய செவலைக் குதிரை காத விறைச்சுக்கிட்டு எங்களயே பாக்குது, தெரியுதா? மூக்குல சீறுது. ஆயிரம் பவுண்டு இருக்கும், இந்த எரநூத்தி முப்பது பவுண்டுக்காரியப் பாத்து நடுங்குது. மினியப் பாத்திராத பெரிய குதிரைக்கு இது என்ன பிராணின்னே பிடிபடாது. மேல உக்காந்திருக்கறது ஒரு சின்னப் பொண்ணு. நம்ம குட்டிதானேன்னு பக்கத்துல ஓட்டிட்டுப் போனா அந்தப் பொண்ணு கீழ விழுந்திடும். அதனால நான் தூரத்துலயே நின்னு, "மினி வருதுங்க, கடந்து போகட்டுமா?"ன்னு குரல் குடுப்பேன். அவங்க சரின்ன பிறகுதான் நகருவேன். அந்தப் பொண்ணு தலையாட்டுது. போலாம்.

முதல்ல ஹால்டர் கிளாஸ். ஹால்டர்னா தலைல மாட்டற கயிறு, அதப் பிடிச்சு நடத்திக் காட்ட, குதிரையோட உடம்பு வாகு பாக்கறது. அஞ்சு மினி. ஜட்ஜ் முன்னாடி நடத்திக் காட்டணும், ஓட்டிக் காட்டணும், அப்புறம் வரிசைல நிறுத்தணும். கால் நேரா இருக்கா, கழுத்து எப்படி, பல்லு மேலயும் கீழயும் பொருந்துதா, எல்லாம் பாப்பாங்க. தலை சின்னதா ஆகறப்ப பல்லுக்கு எடம் பத்தாமப் போறது மினிங்கள்ல இருக்கற கோளாறு. எங்க ஊரு கோபி பக்கம்ங்க. ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு அப்பா கூட்டிட்டுப் போவாரு. அங்க குதிரை வாங்க வர்றவங்க முதல்ல மயிர்ச் சுழியத்தான் தேடுவாங்க. இங்க ஜட்ஜ் குனிஞ்சு பொட்டுவோட ஒதட்டப் பிரிச்சுப் பல்லப் பாத்தப்ப, எனக்கு அந்தச் சந்தைதான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

நாலாவது வந்தோம். வெள்ளை ரிப்பன். இங்க முதல் பரிசு நீலம், ரெண்டாவது சிவப்பு, மூணாவது மஞ்சள், நாலாவது வெள்ளை. கிளாஸ் முடிஞ்சதும் ஜட்ஜ்கிட்ட, இவள எப்படி மேம்படுத்தலாம்னு கேட்டேன். ஓப்பன் ஷோவுல அடுத்த கிளாஸுக்கு நேரமிருந்தா நின்னு பேசுவாங்க. அந்தம்மா பொட்டுவோட விலாவுல கைய வெச்சு அழுத்தி, "எடை சரியா இருக்கு, இப்படியே வெச்சுக்கங்க"ன்னாங்க. முதல் பரிசு குடுத்திருந்தாக் கூட எனக்கு இவ்ளோ சந்தோஷம் வந்திருக்காதுங்க. ஏன்னு சொல்றேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி, மார்ச் மாசம், மழை பேஞ்சு புல்லு தளதளன்னு வந்த நேரம். ஆசையா மேயட்டும்னு நாள் முழுக்க அவுத்து விட்டேன். மூணாவது வாரம் காலைல போய்ப் பாக்கறேன், முன்னங்கால் ரெண்டையும் நீட்டி வெச்சு, பின்னங்கால்ல பாரத்தப் போட்டு நிக்கறா. நகர மாட்டேங்கறா. குளம்பத் தொட்டா கொதிக்குது. லாமினைட்டிஸ். குளம்புக்குள்ள எலும்பயும் குளம்போட கெட்டியான வெளிச்சுவரையும் சேத்துப் பிடிச்சிருக்கற சதை வீங்கிப் போறது. வசந்த காலத்துப் புல்லுல சர்க்கரைச் சத்து கூட. மினிக்கு அது விஷம் மாதிரி. தப்பு என்னோடது. நடக்க வைக்க அஞ்சு மாசம் ஆச்சு.

அப்ப இருந்து தொங்கவிடற தராசுல நிறுத்துத்தான் காஞ்ச புல்லு போடறேன். 230 பவுண்டுக்காரிக்கு ஒரு நாளைக்கு நாலு பவுண்டு, மூணு வேளையாப் பிரிச்சு. மேய விடறப்ப வாய்ல ஒரு கூடை மாட்டுவேன். நம்ம ஊர்ல போரடிக்கற மாட்டுக்கு வாய்க்கூடு கட்டுவாங்களே, அதேதான். இங்க அடில ஒரு ஓட்டை இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாப் புல்லு வரும். கொள்ளு ஊறவெச்சுக் குடு, குதிரை தெம்பா இருக்கும்னு அம்மா ஃபோன்ல சொல்வாங்க. வண்டி இழுக்கற குதிரைக்கு அது சரி, இவளுக்கு வேண்டாம்மான்னு சொல்லுவேன். குண்டாயிடுச்சேன்னு ஒரேயடியாப் பட்டினி போட்டுடாதீங்க, அதுவும் ஆபத்து. மினி சாப்பிடறத நிறுத்தினா உடம்புல இருக்கற கொழுப்பு மொத்தமா ரத்தத்துல இறங்கி ஈரலத் தாக்கும். ஒரு நாள் தீனி தொடலன்னாலே டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்க. அடர்த்தியான மயிருக்குள்ள விலா கண்ணுக்குத் தெரியாது, கைய வெச்சு அழுத்தித்தான் பாக்கணும். அந்த ஜட்ஜம்மா செஞ்ச மாதிரி.

அடுத்தது ஷோமன்ஷிப், அதுக்கு என் பொண்ணு. பதினோரு வயசு, ஃபோர்-எச்ல இருக்கா. 1902ல ஒஹையோவுல ஒரு பள்ளிக்கூடத்துக்காரர் கிராமத்துப் பிள்ளைங்களுக்காக ஆரம்பிச்ச கிளப்ல இருந்து வளந்த அமைப்பு அது. ஷோமன்ஷிப்ல மார்க் குதிரைக்கு இல்ல, பிடிச்சிருக்கற ஆளுக்கு. ஜட்ஜ் குதிரையச் சுத்தி வர்றப்ப பிள்ளை எடம் மாறிக்கிட்டே இருக்கணும். ஜட்ஜ் தலைப் பக்கம் இருந்தா பிள்ளை எதிர்ப் பக்கம், ஜட்ஜ் பின்பக்கம் போனா பிள்ளை ஜட்ஜ் இருக்கற பக்கம். குதிரை மிரண்டா தலையத் தன் பக்கம் இழுப்பா, பின்னங்கால் ஜட்ஜ விட்டு விலகிப் போகும். யாரயும் ஒதைக்காது. இந்த நடையெல்லாம் பாதுகாப்புல இருந்து வந்தது. பாத்தீங்களா, எப்படி நிமுந்து நிக்கறா! மூணாவது. மஞ்சள் ரிப்பன். சட்டைல குத்திக்கிட்டா, இனிமே ராத்திரி வரைக்கும் கழட்ட மாட்டா.

இப்ப டிரெயில் கிளாஸ். கைல பிடிச்சுக்கிட்டே தடைங்களக் கடக்கறது. கேட்டத் தொறந்து மூடணும், கட்டைங்களத் தாண்டி நடக்கணும், கட்டை வெச்சு எல் மாதிரி போட்டிருக்கற சந்துல பின்னோக்கி வரணும், அப்புறம் மரப்பாலம். போன ரெண்டு ஷோவுலயும் இந்தப் பாலத்துலதான் நின்னுட்டா. ஃபோன பொண்ணுகிட்ட குடுக்கறேன்.

பாத்தீங்களாங்க? எனக்கு இன்னும் கை நடுங்குது. என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். பாலத்துக்கிட்ட வந்ததும் கழுத்தக் கீழ எறக்கி மோந்தா. நான் கயித்த இழுக்கல. போன தடவை இழுத்தேன், அதனாலதான் பின்வாங்கினா. இந்தத் தடவ கயித்தத் தளத்தி விட்டு, அவ பக்கத்துலயே நின்னு பாலத்தோட அந்தக் கோடியப் பாத்தேன். வலது முன்னங்கால் மேல வந்துச்சு. டொக். பலகைக்கு அடில காலியா இருக்குல்ல, அந்தச் சத்தம் உள்ள இருந்து வரும். காது ரெண்டும் பின்னாடி சாஞ்சுது. கால எடுத்துட்டா. மூச்ச விட்டா, பெருசா. நானும் விட்டேன். மறுபடி டொக். இந்தத் தடவ எடுக்கல. இன்னொரு கால். நாலு காலும் மேல ஏறிடுச்சு, நடுவுல நின்னுட்டா, நின்னு என் கைய மோந்தா. அங்க நிக்கறதுக்கு மார்க் கொறைப்பாங்க. கொறைக்கட்டும். "சரி கண்ணு, போலாம்"னேன். டொக் டொக் டொக்குன்னு எறங்கிட்டா. எங்களுக்கு எடம் எதுவும் கெடைக்கல. அந்தச் செவலைக் குதிரைப் பொண்ணு வேலி மேல உக்காந்து கை தட்டிக்கிட்டு இருந்துச்சு.

பெரிய ஷோவுல இந்த மாதிரி நின்னு மூச்சு விட நேரம் இருக்காதுங்க. அங்க போறவங்க குதிரைய ஏற்கனவே பழக்கி முடிச்சுக் கொண்டு போவாங்க, டிரெய்னர், கொட்டகை வாடகை, ஹோட்டல்னு பல நூறு டாலர் போயிருக்கும். இங்க 8 டாலர் குடுத்து ஒலிபெருக்கி, கூட்டம், முன்னப்பின்ன தெரியாத குதிரைங்க நடுவுல ஒரு பாடம் நடத்திக்கிட்டேன். மினி வெச்சிருக்கறவங்க, பேப்பர் இல்லயே, அழகா இல்லயேன்னு ஷெட்டுலயே கட்டி வெக்காதீங்க. ஹால்டர் இருக்கா, காகின்ஸ் இருக்கா, வெளிய கொண்டு வாங்க.

தாண்டற கிளாஸ்ல குதிரை மட்டும் தாண்டும், நாம பக்கத்துல ஓடணும். பொட்டு ரெண்டாவது தடைய இடிச்சுத் தள்ளிட்டா, அவ்ளோதான். மூணு வயசு ஆகாத குட்டிய இதுல விடாதீங்க, எலும்பு முத்தியிருக்காது.

வண்டி ஓட்டற கிளாஸ் ஏன் போகலன்னு கேப்பீங்க. கத்துக்கிட்டு இருக்கேன், இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். வண்டி பூட்டி இருக்கறப்ப கடிவாளத்த ஒரு நிமிஷம் கூடக் கழட்டக் கூடாது. முதல்ல வண்டிய அவுக்கணும், அப்புறந்தான் கடிவாளம். கடிவாளத்தோட இருக்கற கண்ணு மறைப்பு போனதும் பின்னாடி ஒண்ணு தொரத்துதுன்னு நெனச்சு வண்டியோட ஓடிடும். ஆசைக்காக யாரும் இதுல அவசரப்படாதீங்க.

வீட்டுக்கு வந்தாச்சு. மணி நாலரை. டிரெய்லர்ல இருந்து எறங்கின உடனே, அதோ, அந்த மண்ணுலயே போய் உருண்டுக்கிட்டு இருக்கா. உருளட்டும். நான் சாயங்காலப் புல்ல நிறுத்துப் போடணும். அடுத்த ஷோ இன்னும் அஞ்சு வாரத்துல. அதுக்குள்ள எங்க கொல்லைலயே ஒரு பாலம் போடலாம்னு இருக்கேன். மூணடி அகலம், ஆறடி நீளம், தரைல இருந்து ஒரு சாண் தூக்கி, அடில காலியா விட்டு. அப்பத்தான் அந்தச் சத்தம் வரும். பலகை வாங்கி ஷெட்டுல சாச்சு வெச்சாச்சு. நாளைக்கு ரம்பம் எடுக்கணும்.