விசிறிவிட்டார் டொனால்ட்சன்

வணக்கம் மக்களே. பேஸ்பால் என்றதும் எழுந்து ஓடிவிடாதீர்கள். பிட்ச்சர் என்பவர் நம்ம பவுலர் மாதிரி. மட்டைக்காரரை மூன்று தடவை ஏமாற்றிவிட்டால் ஸ்ட்ரைக் அவுட். இன்றைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

எனக்குப் பின்னால் திரையில் இருப்பது 1920-களில் வெளிவந்த மினசோட்டா வாரப்பத்திரிகை ஒன்றின் பக்கம். மேலே வெண்ணெய் விலை. நடுவில் யார் வீட்டுக்கு யார் விருந்துக்குப் போனார்கள் என்ற செய்தி. கீழே ஓர் ஓரத்தில், எறும்பு ஊர்ந்த மாதிரி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் ஸ்கோர். மூன்று வாரமாக ராத்திரியில் நான் உட்கார்ந்து படிப்பது இந்த ஓரத்தைத்தான்.

ஏன் என்றால், ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின ஆட்டக்காரர் 1947-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக இறங்கினார், அன்றைக்குத்தான் அமெரிக்க பேஸ்பாலில் நிறத்தடை உடைந்தது என்று படித்திருப்போம். பெரிய லீக்குகளை, அதாவது நாட்டின் உச்சநிலைத் தொழில்முறைப் போட்டித்தொடர்களைப் பொறுத்தவரை அது சரி. கறுப்பின ஆட்டக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்று அங்கே முதலாளிகள் தங்களுக்குள் பேசிவைத்திருந்தார்கள். ஆனால் கோதுமை வயலுக்கு நடுவே இருந்த சின்ன ஊர் அணிகள் அந்தக் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தன. அவர்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: பக்கத்து ஊரை ஜெயிக்க வேண்டும். அதற்கு நல்ல பிட்ச்சர் வேண்டும். அவர் கறுப்பினத்தவராக இருந்தால்? சரி, வரட்டும்.

அப்படி வந்தவர்தான் ஜான் டொனால்ட்சன். மிசௌரி மாநிலத்தின் கிளாஸ்கோ என்ற ஊரில் 1891-ல் பிறந்தவர், இடக்கைக்காரர். ஆல் நேஷன்ஸ் என்று ஓர் அணி இருந்தது. பல இனத்தவரும் சேர்ந்து ஊர் ஊராகப் போய் ஆடிய அணி அது, டொனால்ட்சன் அதன் நட்சத்திரம். 1920-ல் கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் என்ற கறுப்பின அணி தொடங்கியபோது அதிலும் இருந்தார். அப்புறம் 1924-ல் மினசோட்டாவில் பெர்த்தா என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். சில நூறு பேர் இருந்த ஊர் அது. ஆட்ட விளம்பரங்களில் ஊர் பெயரைவிட இவர் பெயர்தான் பெரிதாக இருக்கும். மைதானம் நிறைந்தால் அன்றைக்குக் கடைத்தெருவிலும் கூட்டம்தானே.

இவருடைய கணக்கைக் கேளுங்கள். 400-க்கு மேல் வெற்றி, 5,000-க்கு மேல் ஸ்ட்ரைக் அவுட். பெரிய லீக்குகளின் வரலாற்றில் 5,000-ஐத் தாண்டியவர் நோலன் ரயான் ஒருவர்தான். ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். டொனால்ட்சனுக்கு எதிரே நின்றவர்களில் தேர்ந்த ஆட்டக்காரர்களும் உண்டு, வார நாளில் டிராக்டர் ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டை பிடித்தவர்களும் உண்டு. அதனால் இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து யார் பெரியவர் என்று நான் கேட்கமாட்டேன்.

எனக்குச் சுவாரசியம் வேறு இடத்தில். இந்த 5,000-ஐ எந்த லீக்கும் எழுதிவைக்கவில்லை. பீட்டர் கோர்ட்டன் என்ற மினசோட்டாக்காரரும் அவரோடு சேர்ந்த தன்னார்வலர்களும் பழைய பத்திரிகைகளை ஊர் ஊராகத் தோண்டி, ஒவ்வொரு ஆட்டமாகக் கூட்டி எடுத்த எண் இது. 1925-ல் டொனால்ட்சன் பந்து வீசும் ஒரு படச்சுருள்கூடக் கிடைத்திருக்கிறது. ஒரு நிமிடம்கூட ஓடாது. கையை உயரத் தூக்கி, உடம்பை வளைத்து வீசுகிறார். நான் எத்தனை தடவை திருப்பிப் போட்டேன் என்று கேட்காதீர்கள்.

கோர்ட்டன் குழுவைப் பார்த்துத்தான், சின்ன ஊர் அணிகளில் ஆடிய கறுப்பினத்தவர்களைப் பழைய பத்திரிகைகளில் தேட நானும் கிளம்பினேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. 'ஸ்ட்ரைக் அவுட்' என்று போட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்து நிருபர்கள் அப்படி எப்போதாவதுதான் எழுதினார்கள், 'ஃபேன்டு', அதாவது 'விசிறிவிட்டார்' என்று எழுதினார்கள். பதினைந்து பேரை விசிறிவிட்டார் என்பார்கள், அவ்வளவுதான். மட்டை காற்றை மட்டும் வீசிக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள், சொல் சரியாகத்தான் இருக்கிறது.

இன்னொரு தேடுசொல் எனக்கு நெருடலாக இருந்தது. கறுப்பின ஆட்டக்காரர் பெயருக்கு முன்னால் 'கலர்டு' என்று பத்திரிகை ஒட்டிவிடும். வெள்ளைக்காரர் பெயருக்கு முன்னால் எதுவும் ஒட்டாது. இன்றைக்கு அவர்களைக் கண்டுபிடிக்க அந்த ஒட்டுச்சொல்லைத்தான் தேடுபெட்டியில் தட்ட வேண்டியிருக்கிறது. ஒதுக்கிவைக்கப் போட்ட அடையாளமே இன்றைக்கு வழிகாட்டி.

கஷ்டம் அதற்கப்புறம்தான். ஒருவர் இரண்டாவது வருஷமும் அதே ஊரில் ஆடினால், நிருபருக்குப் பழகிப்போய்விடும், ஒட்டுச்சொல் உதிர்ந்துவிடும். வெறும் பெயராகிவிடுவார், ஊர்க்காரர் மாதிரி. உடனே என் தேடலிலிருந்தும் மறைந்துவிடுவார். மரியாதை கூடக் கூட ஆள் கிடைப்பது கஷ்டம்!

ஊர்க்காரர் மாதிரி என்று சொல்லிவிட்டேன். அது மைதானம் வரைக்கும்தானோ என்னவோ. வட டகோட்டாவின் பிஸ்மார்க் கதை தெரியுமா? நீல் சர்ச்சில் என்ற கார் வியாபாரி அங்கே ஓர் அணி நடத்தினார். 1933-ல் சாச்சல் பெய்ஜை வரவழைத்தார். அந்தக் காலத்தின் மிகப்பெரிய பிட்ச்சர்களில் ஒருவர். 1935-ல் பெய்ஜ், ஹில்டன் ஸ்மித், குவின்சி ட்ரூப், டெட் ராட்கிளிஃப் எல்லோரும் வெள்ளை ஆட்டக்காரர்களோடு ஒரே அணியில் இருந்தார்கள். ராபின்சனுக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால்! அந்த வருஷம் விச்சிட்டாவில் நடந்த தேசியப் போட்டியில் ஏழு ஆட்டம் ஆடி ஏழையும் ஜெயித்தார்கள். பெய்ஜ் மட்டும் 60 பேரை விசிறினார்.

அதே பெய்ஜ், புது மனைவியோடு பிஸ்மார்க்குக்கு வந்தபோது வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. சரக்கு ரயில் பெட்டி ஒன்றை வீடாக மாற்றி அதில் குடியிருந்தார்கள். பின்னாளில் அவரே தன் வாழ்க்கைக் கதையில் சொன்னது இது. ஞாயிற்றுக்கிழமை ஊரே எழுந்து நின்று கைதட்டும். திங்கட்கிழமை ஒரு கதவும் திறக்காது. கோப்பையை விட்டுவிட்டு நான் அந்தப் பெட்டியைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். டகோட்டாவில் வெயில் ஏறினால் அந்தத் தகரமும் பலகையும் என்ன கொதி கொதித்திருக்கும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவிலும் இதே கதை ஓடியது. சாஸ்கட்செவனில் இந்தியன் ஹெட் என்ற சின்ன ஊர் 1950-ல் ஜாக்சன்வில் ஊரின் கறுப்பின அணியையே மொத்தமாக வரவழைத்துக்கொண்டது. அது தனி வீடியோவுக்கான விஷயம், இங்கே தொட்டால் விடிந்துவிடும்.

டொனால்ட்சன் கடைசியில் என்ன ஆனார்? 1949-ல் சிகாகோ வைட் சாக்ஸ் அணிக்குத் திறமை தேடும் ஸ்கவுட் ஆனார். ஆடவிடாத லீக்குக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலை. 1970-ல் இறந்தார். புதைத்த இடத்தில் ஒரு கல்கூட இல்லை, 2004-ல்தான் வைத்தார்கள். 2021 டிசம்பரில் பேஸ்பாலின் புகழ்க்கூடத்தில் சேர்ப்பதற்கான ஓட்டெடுப்புக்கு அவர் பெயர் வந்தது. 16 ஓட்டில் 12 வேண்டும், 8 கிடைத்தது.

சரி, என் பக்கத்துக்கு வருகிறேன். நான் துரத்திக்கொண்டிருப்பது டொனால்ட்சனை அல்ல. முதல் வருஷம் 'கலர்டு கேட்சர்' (கேட்சர் நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி) என்று மட்டும் போட்டு, பெயரே போடாமல் விட்டிருக்கிறார்கள், அந்த ஆளை. அடுத்த வருஷம் பட்டியலில் ஒன்பது பெயர் இருக்கிறது, ஒட்டுச்சொல் எதுவும் இல்லை. அவர் ஒருவேளை அந்த ஒன்பதில் ஒருவராக இருக்கலாம், ஊரைவிட்டே போயிருக்கலாம். தேடுபெட்டி இங்கே உதவாது. அதனால் அந்த வருஷத்துப் பத்திரிகையை மே மாத இதழிலிருந்து பக்கம் பக்கமாகக் கண்ணால் படித்துக்கொண்டு வருகிறேன். இப்போது ஜூன் இரண்டாவது வார இதழில் இருக்கிறேன். மழையாம், ஆட்டம் ரத்து.