மூக்கு கேட்காது, நுரையீரல் கேட்கும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். டெல்லிக் காற்றில் முதலில் கவனிக்க வேண்டியது தூசியின் அளவையா, அது கிளம்பிய இடத்தையா? கிளம்பிய இடத்தைத்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள்: "மூக்கு என்ன, வாசலில் நின்று தூசியிடம் ஆதார் கார்டா கேட்கிறது?" மூக்கு கேட்காது ஐயா. நுரையீரல் கேட்கும்!

எங்கள் பெரியம்மா கும்பகோணத்திலிருந்து டெல்லி முனிர்காவுக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தார். மே மாதம். ராஜஸ்தான் பக்கமிருந்து ஆந்தி, அதாங்க புழுதிப் புயல். பட்டப்பகலிலேயே இருட்டிவிட்டது. மொட்டைமாடியில் சுண்டைக்காய் வற்றல் காய்கிறது. விடுவாரா? ஓடினார். இறங்கி வரும்போது தலை, புருவம், முந்தானை எல்லாம் புழுதி. யாரென்றே தெரியவில்லை! நாலு தும்மல் போட்டார், முகம் கழுவினார், காப்பி கேட்டார். அப்புறம் உட்கார்ந்து வற்றலை ஒவ்வொன்றாகத் தட்டினார் பாருங்கள், ஒன்றைக்கூட வீணாக்கவில்லை.

அதே பெரியம்மா, அதே வீடு, டிசம்பர். குளிர் தாங்காமல் கீழே வாட்ச்மேன் நெருப்பு மூட்டினார். விறகுக்கு எங்கே போவார்? அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் பை, டயர்த் துண்டு. காற்றே அசையவில்லை. பெரியம்மா பால்கனியில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றினார், அவ்வளவுதான். ராத்திரி முழுக்க இருமல், விடியற்காலையில் நெபுலைசர். மூச்சு வந்ததும் சொன்னார்: "புழுதியில குளிச்சேன், ஒண்ணும் ஆகல. இதை மோந்துதான்டா பார்த்தேன்!"

வற்றல் கதை அறிவியலாகுமா என்பார் எதிரணித் தலைவர். சரி, ஐரோப்பாவுக்கே போவோம். சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் முன்னின்று நடத்தி 2020-இல் வெளியிட்ட ஆய்வில், துகள்களின் எடையைக் கூட்டுவதில் மண்தூசிக்குப் பெரிய பங்கு. ஆனால் நுரையீரல் செல்களைச் சிதைக்கக்கூடிய ஆக்சிஜனேற்றத் திறன் பெரும்பாலும் எதிலிருந்து வந்தது? விறகுப் புகையிலிருந்து உருவான கரிமத் துகளிலும், பிரேக், டயர் தேய்மானத்தில் கிளம்பும் உலோகத்திலும். எடை ஒருபக்கம், நஞ்சு இன்னொரு பக்கம்! மண்தூசி நல்லதென்று சொல்லவில்லை. ஆனால் பெரிய துகளில் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். புகையின் நுண்துகள் நுரையீரலின் அடிவரை போகும்.

நம் நாட்டில் நுண்துகளுக்கு 24 மணி நேர வரம்பு, கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். அந்த அறுபதும் புழுதியா, டீசல் கரியா என்று வரம்பு பார்ப்பதில்லை. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இலேயே அறிவித்துவிட்டது. நம்ம சென்னை ஐஐடி முன்னின்று நடத்திய ஆய்வு 2021-இல் வந்தது. டெல்லியின் குளிர்கால மூட்டத்தைக் கெட்டியாக்குவதில் குளோரைடுக்கு, அதாங்க குளோரின் கலந்த துகளுக்கு, பெரிய பங்கு இருக்கிறதாம்; பிளாஸ்டிக் கலந்த குப்பையை எரிப்பதும் அது வரும் வழிகளில் ஒன்றாம்.

ஆனால் நடுவர் அவர்களே, எனக்குப் பெரியம்மாவைவிட அந்த வாட்ச்மேனைப் பற்றித்தான் கவலை. பெரியம்மா இரண்டாவது மாடியில், சில நிமிடம். அவர் அந்த நெருப்புக்குப் பக்கத்திலேயே ராத்திரி முழுக்க. ஊரில் பிள்ளைகள் படிக்க அவர் இங்கே விழித்திருக்கிறார். அவருக்கு நெபுலைசர் வைக்க யார் இருக்கிறார்கள்? காவலர்களுக்கு மின்சார ஹீட்டர் கொடுங்கள் என்று டெல்லியின் காற்று மாசு நடவடிக்கைத் திட்டமே குடியிருப்போர் சங்கங்களுக்குச் சொல்கிறது. இன்றைக்கு வீடு திரும்பும்போது உங்கள் கேட்டில் இருப்பவரிடம் ராத்திரி எதை எரிக்கிறார் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு ஒரு ஹீட்டர் வாங்கிக் கொடுங்கள். நன்றி.