வாசலைத் தாண்டினால் வீடியோ கால் ஏன் அறுந்துபோகிறது?

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் வீடியோ காலில் பேசிக்கொண்டே படியிறங்கி வெளியே வந்தேன், வாசலைத் தாண்டிப் பத்தடிகூட இருக்காது, எதிரில் பேசிக்கொண்டிருந்தவர் வாய் திறந்தபடி அப்படியே உறைந்துவிட்டார். திரையின் மேலே பார்த்தால் வைஃபை ஒரே ஒரு கோட்டில் நிற்கிறது, அதைப் போன் விடவே மாட்டேன் என்கிறது. ஒருவழியாக மொபைல் டேட்டாவுக்கு மாறிய பிறகும் கால் திரும்ப வரவில்லை. ‘நெட் சரியில்லை’ என்று விட்டுவிடுகிறோம், ஆனால் இதில் இரண்டு வேறு வேறு சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது அந்த ஒரு கோடு. வைஃபையில் எப்போது மாறுவது என்று முடிவு செய்வது ரவுட்டர் இல்லை, போன்தான். ஐபோன், சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் (சிக்னலின் வலுவைச் சொல்லும் அலகு) கீழே இறங்கிய பிறகே வேறு அக்சஸ் பாயின்ட்டை, அதாவது வைஃபை தரும் வேறு கருவியைத் தேடும் என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது. ஒரே நெட்வொர்க்குக்குள் நடமாடுகிறவர்களுக்கு 2008-ல் வந்த 802.11ஆர் என்ற வைஃபை தரநிலை உதவும், ஒவ்வொரு முறையும் முழுச் சரிபார்ப்பையும் முதலிலிருந்து செய்யாமல் சட்டென்று மாறிவிடலாம்.

இரண்டாவது சிக்கல் இங்கேதான்: வாசலைத் தாண்டி மொபைல் டேட்டாவுக்கு மாறினால் அது போதாது, ஏனென்றால் அங்கே ஐபி முகவரியே, அதாவது இணையத்தில் உங்கள் போனைக் குறிக்கும் எண்ணே மாறிவிடுகிறது. என்னைக் கேட்டால் சிக்கலின் வேரே இதுதான்: நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதற்கும் நீங்கள் யார் என்பதற்கும் அந்த ஒரே எண்ணைத்தான் பயன்படுத்துகிறோம். இணையத்தில் தகவல் அனுப்பும் விதிமுறையான டிசிபி, ஒரு இணைப்பை இரண்டு பக்க முகவரி, இரண்டு பக்க போர்ட் எண் (கருவிக்குள் எந்தச் செயலிக்கு என்று காட்டும் எண்) என்று நான்கையும் வைத்துத்தான் அடையாளம் காணும், அதில் ஒன்று மாறினாலும் சர்வருக்கு நீங்கள் முன்பின் தெரியாத ஆள்.

இதைத் தீர்க்க 1996-லேயே மொபைல் ஐபி வந்தது. வீடு மாறியவர் பழைய தபால் நிலையத்தில் புது விலாசத்தைச் சொல்லிவைப்பாரே, அதே ஏற்பாடு. நல்ல யோசனைதான், ஆனால் பக்கத்தில் இருப்பவர் அனுப்பும் தகவல்கூடப் பழைய இடம் வரை போய்ச் சுற்றி வர வேண்டியிருந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது க்விக் என்ற இன்னொரு விதிமுறை, 2021 மே மாதம் தரநிலையானது. இதில் இணைப்புக்கென்றே தனியாக ஓர் அடையாள எண் உண்டு. புது முகவரியிலிருந்து அதே இணைப்பில் ஏதாவது வந்தால், சர்வர் அந்த முகவரிக்கு யாரும் ஊகிக்க முடியாத 8 பைட் அனுப்பும், அதே 8 பைட் திரும்பி வந்தால் நீங்கள்தான் என்று நம்பி, விட்ட இடத்திலிருந்து தொடரும். எவ்வளவு அழகு பாருங்கள்!

வீடியோ கால்களிலும் வெப்ஆர்டிசி என்ற நேரலைக் குரல், வீடியோ தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் செயலிகள் ஐஸ் ரீஸ்டார்ட் செய்து, அதாவது இரு பக்கமும் இணையும் வழியை மறுபடி தேடி, புதுப் பாதையைப் பிடிக்கலாம், ஆனால் அதைச் செயலி எழுதுகிறவர் செய்துவைத்திருக்க வேண்டும். சரி, நீங்களே பார்த்துவிடலாம்: காலில் இருக்கும்போது வைஃபையை அணைத்துவிட்டு, குரல் திரும்ப எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். செயலியின் பெயரோடு கீழே கமெண்டில் போடுங்கள்.