மாநில சாம்பியனை அப்படியே ஆல்-ஸ்டார் அணியில போட்டா என்ன? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்விக்கு வருவோம். பென்சில்வேனியால ஹைஸ்கூல் மல்யுத்தம் பண்ற ஒரு பையனோட அப்பா கேட்டிருக்கார்: "சீசன் முடிஞ்சு நடக்குற ஆல்-ஸ்டார் மேட்ச்சுக்கு (சிறந்த வீரர்களைப் பொறுக்கி வைக்கிற காட்சி மேட்ச்) மாநில சாம்பியன்களை வரிசையா கூப்பிட்டா போதாதா? தேர்வுக்குன்னு தனியா ஆள் எதுக்கு?"

வரிசையா கூப்பிட்டா அணி நிரம்பாது சார். உங்க மாநிலத்தையே எடுத்துக்கங்க. பசங்களுக்கு 13 எடைப் பிரிவு, பள்ளியோட அளவை வெச்சு டபுள் ஏ, டிரிபிள் ஏன்னு ரெண்டு வகுப்பு. ஆக 26 சாம்பியன். ஆனா ஆல்-ஸ்டார்ல எடைக்கு ஒரு இடம்தான். அதுவும் பிட்ஸ்பர்க்ல 1975லேர்ந்து நடக்குற கிளாசிக்ங்கற ஆல்-ஸ்டார் போட்டி இருக்கே, முன்னாடி டாப்பர் டான்னு சொல்வாங்க, அங்க பென்சில்வேனியா அணியும் மத்த மாநிலத்துப் பசங்க சேர்ந்த யுஎஸ்ஏ அணியும் மோதுறது சீனியர்களை, அதாவது பன்னெண்டாவது படிக்கிறவங்களை வெச்சு. பதினொண்ணாவது படிக்கிற சாம்பியனைக் கூப்பிட முடியாது. பல மாநிலங்கள்ல, இன்னும் சீசன் பாக்கியிருக்கிற பையன் அனுமதியில்லாத மேட்ச்ல இறங்கினா பள்ளி அணியில ஆடுற தகுதியே போயிடும்.

அதனால அனுபவப்பட்டவங்க ஆள் கிடைக்காத எடையைத்தான் முதல்ல நிரப்புவாங்க. 107 பவுண்டுல நல்ல சீனியர் அபூர்வம், அந்த வயசுக்குள்ள வளர்ந்துடுறாங்க. 139, 145ல மூணு நாலு பேர் காத்திருப்பாங்க. 107க்கு நல்ல ஆள் கிடைக்கலைன்னா அதை விட்டுட்டு நடு எடையில ரெண்டு மேட்ச் வைக்கிறது எவ்வளவோ மேல். யாரோ ஒரு பையனை இழுத்து வந்து முப்பது செகண்ட்ல பின் ஆக (ரெண்டு தோளும் தரையில அமுங்கித் தோக்க) வைக்கிறது அந்தப் பையனுக்கும் நல்லதில்ல, பாக்குறவங்களுக்கும் நல்லதில்ல.

ரெண்டு வகுப்பு சாம்பியன்ல யார் மேலன்னு எப்படிப் பாக்குறது? மாநிலப் போட்டியில அவங்க மோதிக்கவே மாட்டாங்க. டிசம்பர்ல ஒஹாயோல நடக்குற அயர்ன்மேன், டெலவேர்ல நடக்குற பீஸ்ட் ஆஃப் தி ஈஸ்ட், இந்த மாதிரிப் பெரிய டோர்னமெண்ட்ல ரெண்டு பேரும் யாரை ஜெயிச்சாங்க, யார்கிட்ட தோத்தாங்கன்னு எடுத்துப் பாக்கணும். 40 வெற்றி, ஒரு தோல்வியும் இல்லன்னு இருக்கிற ரெக்கார்டை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. எதிராளிங்க பலமில்லாதவங்களா இருந்தா அந்த நம்பருக்கு அர்த்தமில்ல. கடுமையான டோர்னமெண்ட்ல நாலு தோல்வியோட வர்ற பையன் பல சமயம் அவனைவிட நல்லா ஆடுவான்.

இப்போ எடை. தேர்வு சொதப்புறது பெரும்பாலும் இங்கதான். மாநிலப் போட்டி மார்ச் ஆரம்பத்துல முடியுது. பையன் வயிறாரச் சாப்பிட ஆரம்பிச்சுடுவான். 139ல ஆடினவன் ரெண்டு வாரத்துல 150 வந்துடலாம். ஹைஸ்கூல் விதிப்படி வாரத்துக்கு உடம்பு எடையில ஒன்றரை சதவீதத்துக்கு மேல குறைக்கக் கூடாது. 150க்கு அது ரெண்டேகால் பவுண்டு. 11 பவுண்டு குறைக்க அஞ்சு வாரம் வேணும், மேட்ச்சுக்கு அவ்வளவு நாள் இருக்காது. "எப்படியாவது இறங்கிடுவான்"னு கோச் சொன்னா நம்பாதீங்க. 1997 கடைசியில எடை குறைக்கப் போய் மூணு கல்லூரி வீரர்கள் உயிரை விட்டாங்க. காட்சி மேட்ச்சுக்காக ஒரு பையனை அந்த நிலைக்குத் தள்ளுறது மகா தப்பு. இன்னிக்குக் காலையில மிஷின்ல என்ன காட்டுதுன்னு கேளுங்க. எதிராளியோட எடையையும் கேட்டு, ரெண்டு பேருக்கும் ஒத்து வர்ற ஒரு எடையை எழுத்துல பேசி முடிங்க.

உங்க பையனுக்கு ஆசை இருந்தா, கோச் மூலமா நாலு விஷயத்தை அனுப்பச் சொல்லுங்க: தோல்விகளையும் சேர்த்து சீசன் முழு ரெக்கார்டு, நல்ல எதிராளியோட ஆடின ரெண்டு முழு மேட்ச் வீடியோ, இப்போதைய எடை, மார்ச் கடைசி வரைக்கும் வேற எந்தப் போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கான்ங்கறது. சீனியர் நேஷனல்ஸ்ங்கற தேசிய அளவுப் போட்டிக்குப் போறவன் கடைசி நிமிஷத்துல விலகுறது அடிக்கடி நடக்கும். மாற்று ஆளா கூப்பிட்டாலும் வேண்டாம்னு சொல்லாதீங்க. எடை பாக்குறப்போ தோலையும் பரிசோதிப்பாங்க. படர்தாமரையோ ஹெர்பீஸோ இருந்து டாக்டர் சீட்டு இல்லைன்னா மேட்ல ஏத்த மாட்டாங்க. அப்போ அந்த மாற்று ஆள்தான் ஆடுவான்.